பேரளவு உலக வரலாற்றில் அலகும் அளவுகோலும்: ‘பெரும் விலகல்’ விவாதம் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

உலக வரலாற்றைப் பேரளவில் எழுத முற்படுவோர், எதனை ஆய்வு அலகாகக் கொள்வது என்னும் வினாவை முதலில் எதிர்கொள்கின்றனர். ஆர்னால்டு டாயின்பி 1934 முதல் 1961 வரை 12 தொகுதிகளாக வெளியிட்ட தம் நூலில் நாகரிகத்தை அலகாகக் கொண்டார். அறைகூவலுக்கு ஒரு சமூகம் தரும் எதிர்வினையே அவருக்கு வரலாற்றின் விசையாயிற்று. இம்மானுவேல் வாலர்ஸ்டைன் 1974இல் உலகப் பொருளாதார அமைப்பை அலகாக்கினார்; அவர்க்கு மையத்திற்கும் விளிம்பிற்கும் இடையிலான உழைப்புப் பிரிவினையே விசையாயிற்று. அலகைத் தெரிவு செய்யும்போதே விடையின் ஒரு பகுதியும் தெரிவாகிவிடுகிறது என்பது இவற்றால் புலனாகும்.

அலகின் சமன்மை

கென்னத் பொமரன்ஸ் 2000இல் வெளியிட்ட ‘பெரும் விலகல்’ என்னும் நூல் இத்தெரிவை வெளிப்படையாக விவாதித்தது. ஐரோப்பா முழுமையையும் சீனா முழுமையையும் ஒப்பிடாமல், வளர்ந்த பகுதிகளான இங்கிலாந்தையும் யாங்சி கழிமுகத்தையும் அவர் இணைவைத்தார். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையேனும் இவ்விரண்டும் வாழ்க்கைத் தரத்தில் நெருங்கியிருந்தன என்றும், எளிதில் எட்டிய நிலக்கரியும் அமெரிக்க நிலங்களின் விளைபொருள்களுமே இங்கிலாந்தை விலகச் செய்தன என்றும் வாதிட்டார். ஐரோப்பாவை இயல்பாகவும் ஆசியாவைக் குறையாகவும் கொள்ளும் பழைய நோக்கு இதனால் நிலைகுலைந்தது. இதுவே அந்நூலின் நிலைத்த பங்களிப்பு எனலாம்.

அளவுகோலின் சிக்கல்

எனினும், சமமான அலகுகள் அமைந்தமையாலேயே ஒப்பீடு நிறைவுறுவதில்லை. பிலிப் ஹுவாங் 2002இல் எழுதிய மறுப்பில், யாங்சிப் பகுதியின் பண்ணைகள் ஆங்கிலப் பண்ணைகளினும் மிகச் சிறியவை என்பதைச் சுட்டி, மொத்த விளைச்சலின் பெருக்கத்தை உழைப்பின் விளைதிறனாகக் கொள்ளலாகாது என்றார்.

தென்னிந்திய நெசவாளர் கூலி பற்றிய விவாதம் இதனை மேலும் தெளிவாக்குகிறது. பிரசன்னன் பார்த்தசாரதி 1998இல், அக்கூலி எவ்வளவு தானியம் வாங்கியது என்று கணக்கிட்டு, அது பிரித்தானிய நெசவாளரின் நிலைக்கு ஒப்பானது என்றார். ஸ்டீபன் பிராட்பெரியும் பிஷ்ணுப்ரியா குப்தாவும் 2006இல், வெள்ளியின் எடையில் கணக்கிடும்போது இந்தியக் கூலி மிகத் தாழ்ந்திருந்ததைக் காட்டி, அதனை வளர்ச்சி வேறுபாட்டின் அடையாளமாகக் கொண்டனர். உணவு மலிவாயிருந்த நாட்டில் ஒரே கூலி தானியத்தால் உயர்ந்தும் வெள்ளியால் தாழ்ந்தும் தோன்றும். முன்னது உண்ணும் வாழ்வை அளக்கிறது. பின்னது கடல்கடந்த சந்தையில் வாங்கும் ஆற்றலை அளக்கிறது. இரண்டையும் ‘வாழ்க்கைத் தரம்’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பதே குழப்பத்தின் வேர்.

இவற்றோடு சான்றின் இயல்பும் கருதத்தக்கது. நெசவாளர் வருவாய் குறித்த செய்திகளிற் பெரும்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களில் உள்ளது. துணியைக் கொள்முதல் செய்தவரின் கணக்கில், நெசவாளர் குடும்பத்தின் பிற வருவாயும் பெண்களின் நூற்பு உழைப்பும் முழுமையாக இடம்பெற வேண்டிய தேவையில்லை.

முடிவுரை

பேரளவு வரலாற்றைக் கைவிடுவது இதற்குத் தீர்வன்று. அவ்வாறு செய்தால் பழைய ஐரோப்பிய மையக் கதையே எதிர்ப்பின்றி நிலைபெறும். அலகு, அளவுகோல், சான்றை உருவாக்கியவர் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு முடிவோடும் சேர்த்து வெளிப்படுத்துவதே தேவை. வட்டார ஆவணங்களைப் பயிலும் ஆய்வாளரின் பணி, பெரிய கதைக்கு எடுத்துக்காட்டுகள் வழங்குவதோடு முடிவதில்லை. அக்கதையின் அளவுகோலைச் சோதிப்பதும் அவர்தம் பணியே.