மலையேற ஒரு நூற்றுப்பத்து

மலைநாட்டில் ஓட்ட நல்ல கார் எது என்று யாராவது கேட்டால் இனி எனக்கு யோசனையே தேவையில்லை. டொயோட்டா கொரோலா நூற்றுப்பத்து, அதுவும் கையால் மாற்றுகிற ஐந்து கியர். அட்டனிலிருந்து நுவரெலியா வரை ஏ7 வீதியில் எந்த வளைவில் வேண்டுமானாலும் கொண்டுபோய் நிறுத்துங்கள், சாவியைத் திருப்பியதும் கிளம்பும். மழையென்ன, மூடுபனியென்ன, ஜனவரி விடியற்காலைக் குளிரென்ன! ஒரு பழைய காருக்கு இத்தனை பெருமையா என்று வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இதற்கு முன்பிருந்த காரைத் தள்ளித் தள்ளித் தோள் வலித்தவர்களும் அவர்கள்தான்.

அந்தப் பழைய சனியனின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கொழும்பின் தட்டைச் சாலையில் அது சமர்த்தாகவே ஓடியிருக்கும். சின்ன கார், ஓட்டோ கியர், உள்ளே நீல விளக்குகள், கதவைத் திறந்தால் ஒரு சங்கீதம். எங்கள் வீதிதான் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கினிகத்தேனை ஏற்றம் தொடங்கியதும் வெப்பமுள் எழும்பும், வட்டவளை வருவதற்குள் சிவப்பு விளக்கு. பொனட்டைத் தூக்கிவைத்துவிட்டு, போகிற வருகிற பஸ்காரர்களின் அனுதாபத்தை வாங்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ரேடியேட்டரை மாற்றினோம். பிறகு தண்ணீர்ப் பம்ப். பிறகு ஃபேன் மோட்டார். ஒருநாள் கராஜில் எங்கள் மெக்கானிக் பாஸ் எண்ணெய் மூடியைக் கழற்றி, அதன் உட்பக்கத்தை விரலால் வழித்துக் காட்டினார். அசல் பால் தேத்தண்ணி மாதிரி இருந்தது. ஹெட் கெஸ்கட் போய், தண்ணீரும் எண்ணெயும் ஒன்றாகிவிட்டன. அதையும் செய்து எடுத்தோம். எடுத்த கையோடு கியர்ப்பெட்டி பேச ஆரம்பித்தது. ஏற்றத்தில் மிதித்தால் இஞ்சின் அலறும், கார் மட்டும் நகராது. கொழும்புக்குக் கொண்டுபோனால் கம்பியூட்டரைப் பூட்டிப் பார்த்துவிட்டு, "ஒன்றும் காட்டவில்லையே மிஸ்" என்பார்கள். காட்டாதுதான். அதற்குக் கினிகத்தேனை வரைக்கும் வர வேண்டும்.

மலை ஒரு காரை என்ன செய்கிறது என்பதைச் சமவெளியில் இருப்பவர்களுக்கு விளங்கவைப்பது கஷ்டம். நுவரெலியா நகரம் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கடற்கரையில் 100 பாகையில் கொதிக்கிற தண்ணீர் அங்கே ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டருக்குள் கொதிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதன் மூடி அழுத்தத்தைப் பிடித்துவைப்பதுதான். அந்த மூடியின் ரப்பர் வளையத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தால் போதும், கொழும்பில் தெரியாத குறை இங்கே ஆவியாகப் பறக்கும். காற்றும் மெலிது. டர்போ இல்லாத இஞ்சின் இந்த உயரத்தில் தன் பலத்தில் சுமார் ஐந்திலொரு பங்கை இழந்துவிடும். ஏற்றம் கூடக் கூட மூச்சு குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 660 சீசீ கார்கள் நான்கு பேரையும் இரண்டு மூட்டை மரக்கறியையும் சுமந்துகொண்டு இந்த வீதியில் படுகிற பாட்டைப் பார்த்தால் இறங்கி நடந்துவிடலாம் போலிருக்கும்.

காரை மாற்றுவது என்று முடிவெடுப்பது சுலபம். எதற்கு மாற்றுவது? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் நாட்டுக்குள் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி விலை ஏறின. திறந்த பிறகும் வரிகளைக் கூட்டிப் பார்த்தால் புதிய கார் ஆசிரியர் சம்பளத்துக்குள் அடங்குகிற சங்கதியில்லை. அதனால் எங்களைப் போன்றவர்களுக்குப் பாவித்த கார்தான், அதிலும் இங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற கார்தான் கதி.

எங்கள் அட்டன் பாஸிடம் போய் நின்றேன். எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"டீச்சர், ஒங்களுக்கு லைட்டு எரியிற கார் வேணுமா, ஓடுற கார் வேணுமா?"

"ஓடுறதுதாங்க வேணும்."

"அப்ப ஒரு நூத்திப்பத்து பாருங்க. அதுல கெட்டுப்போறதுக்கு என்னா இருக்கு? கெட்டாலும் இங்கயே செஞ்சிக்கலாம்ங்க."

கடைசியில் பண்டாரவளைப் பக்கம் ஒன்று அகப்பட்டது. பாஸையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் காரைப் பார்த்த விதத்தை எழுதாமல் இருக்க முடியாது. பெயின்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதலில் பொனட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார், குளிர்ந்துதான் இருக்கிறதா என்று. சூடாக்கி வைத்துவிட்டுக் காட்டுகிறவர்கள் உண்டாம். பிறகு எண்ணெய் மூடி, அதன் உட்பக்கம். சுத்தம். ரேடியேட்டர் மூடியின் ரப்பரை நகத்தால் அழுத்தினார். தரைவிரிப்பை மடக்கி, மூலையில் விரலை விட்டு ஈரம் பார்த்தார். டயர்களுக்கு மேலே உள்ள வளைவுகளைச் சுட்டுவிரல் கணுவால் தட்டிக்கொண்டே சுற்றி வந்தார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. தலையை மட்டும் ஆட்டினார். அதன் பிறகுதான் சாவியைக் கேட்டார். ஓட்டிப் போய் ஓர் ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து எடுத்தார். திரும்பி வந்து என்னிடம் சொன்னது ஒரே சொல்: "எடுங்க."

எடுத்தேன்! அட்டன் மாணிக்கப் பிள்ளையார் கோயிலில் பூசை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. ஐயர் பூசிய சந்தனம் பொனட்டில் இன்னும் மங்கலாகத் தெரிகிறது, கழுவ மனம் வரவில்லை.

இந்தக் காரின் பூர்வீகத்தைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். கொரோலா பிறந்தது 1966இல். 1997இல் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலை முந்தி, உலகத்தில் அதிகம் விற்ற கார் என்ற பெயரை வாங்கியது. நூற்றுப்பத்து என்பது அதன் எட்டாவது தலைமுறை. ஜப்பானில் 1995இல் வந்து 2000 வரை விற்றது. அதாவது அந்தச் சாதனை நடந்த ஆண்டில் கடைகளில் இருந்தது இந்த உருவம்தான். உள்ளே 5ஏ-எஃப்ஈ இஞ்சின், 1498 சீசீ, பதினாறு வால்வு, ஜப்பான் கணக்கில் 100 குதிரைவலு. கார் ஒரு தொன்னைச் சற்றுத் தாண்டும். இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். மலை ஐந்திலொரு பங்கைப் பிடுங்கிக்கொண்டாலும் மிச்சமிருப்பது இந்த எடைக்குத் தாராளம்.

தாராளம் என்றால் அப்படியொரு தாராளம்! மல்லியப்பு சந்தியைத் தாண்டிக் கொட்டகலைப் பக்கம் திரும்பும்போதே தெரிந்துவிடும். டெவன் நீர்வீழ்ச்சி தெரிகிற இடத்தில் வழக்கமாக எனக்கு முள்மேல்தான் கண் இருக்கும். இப்போது நீர்வீழ்ச்சியைப் பார்க்கிறேன். சென் கிளேயர், தலவாக்கலை, மேல் கொத்மலை நீர்த்தேக்கம், லிந்துலை என்று வெப்பமுள் நடுவில் ஆணியடித்த மாதிரி நிற்கிறது. முன்னால் கொழுந்து லொறி ஊர்ந்து போகிறதா, மூன்றாம் கியருக்கு இறக்கி மிதித்தால் ஒரு கனமான உறுமலோடு கார் முன்னுக்குப் பாய்கிறது. ஓட்டோ கியரில் மிதித்துவிட்டுக் காத்திருப்போமே, அந்தக் காத்திருப்பு இதில் இல்லை. எந்தக் கியர் என்பதை நான் தீர்மானிக்கிறேன், காரும் மறுபேச்சில்லாமல் கேட்கிறது. பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இப்படிக் கேட்டால் என் தொண்டைக்கு எவ்வளவு நல்லது!

ஏறுவதைவிட இறங்குவதில்தான் மலைக்காரர்களுக்கு உயிர். நானுஓயாவிலிருந்து ரதல்ல குறுக்கு வீதியில் இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 2023 ஜனவரியில் அங்கே பாடசாலைச் சுற்றுலாப் பேருந்து ஒன்று வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி ஏழு பேர் போனார்கள். அந்த வளைவைக் கடக்கும்போது இன்றைக்கும் காருக்குள் பேச்சு நின்றுவிடும். நெடுக பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் பிரேக் எண்ணெய் சூடேறும். ஈரம் குடித்த பழைய டொட் 3 எண்ணெய் 140 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கலாம். குழாய்க்குள் ஆவி சேர்ந்தால் பெடல் பஞ்சாகித் தரையைத் தொடும். அதனால்தான் இரண்டாம் கியரில் போட்டுக் காலை எடுத்துவிட வேண்டும் என்று இங்கே பழகும்போதே சொல்லித்தருவார்கள். நூற்றுப்பத்தில் இரண்டாம் கியர் என்றால் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள், அவ்வளவு பிடிப்பு. வளைவுக்கு முன் பிரேக்கை ஒரு தொடு தொட்டால் போதும். வாங்கிய கையோடு எண்ணெயை வடித்துவிட்டுப் புதிய டொட் 4 ஊற்றச் சொல்லிவிட்டேன், அது வேறு விஷயம்.

ஹீட்டரைப் பற்றிச் சொல்லவில்லையே! கொழும்பில் பாதிப் பேருக்கு அப்படியொரு குமிழ் காரில் இருப்பதே ஞாபகமிராது. நானுஓயா தாண்டியதும் பனி இறங்கி முன்கண்ணாடி உள்ளே வேர்க்கும்போதுதான் அதன் அருமை. குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பினால் கீழிருந்து மேலாகக் கண்ணாடி தெளிந்துகொண்டே வரும், முதலில் ஒரு கையகலம், பிறகு வைப்பர் ஓடுகிற அளவு. பழைய காரில் துணியை வைத்துத் துடைத்தபடி ஒற்றைக் கையால் ஓட்டியிருக்கிறேன். இப்போது என் மாமியார் முன்சீட்டில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, "இன்னங் கொஞ்சம் வைம்மா" என்கிறார். முழங்கால் வலிக்கு இதமாக இருக்கிறதாம்.

செலவு? அதுதான் இன்னும் இனிப்பு. இதன் சாமான் எதற்கும் கப்பல் வரக் காத்திருக்க வேண்டாம். அட்டனில் கிடைக்காதது கம்பளையில் கிடைக்கும், அங்கேயும் இல்லையென்றால் கொழும்பில் பஞ்சிகாவத்தை இருக்கிறது. ஜப்பானில் பிரித்த பழைய கார்களின் உறுப்புகள் மலைபோல் குவிந்து கிடக்கிற தெரு அது. பாஸ் போனில் சொல்லிவிட்டால் மறுநாள் பஸ்ஸில் பார்சல் வந்து சேருகிறது. டைமிங் பெல்ட் மாற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். பழைய பெல்ட்டைக் கழற்றி மடக்கிக் காட்டினார், பற்களுக்கு அடியில் மெல்லிய கீறல்கள். ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது அது. எந்தக் கம்பியூட்டரும் தேவைப்படவில்லை, ஒரு பழைய சாவிப்பெட்டியும் ஒரு பையனும் ஒரு பிற்பகலும்தான்.

குறையே இல்லையா என்பீர்கள். இருக்கிறது. பெற்றோல் குடிக்கிறது, ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் கணக்குச் சொன்னால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். 2022இல் கியூஆர் அட்டைக்கு வாரம் இருபது லீற்றர் என்று வரிசையில் நின்ற காலம் திரும்பி வந்தால் கஷ்டம்தான். இன்றைய கார்களில் உள்ள பாதுகாப்பு வசதிகளில் பாதி இதில் கிடையாது, அதை மறைக்க நான் தயாரில்லை. துருவும் ஓயாத சண்டை. எங்கள் ஈரக்காற்று இரும்பைச் சும்மா விடாது. பாஸ் தலையாட்டிய அந்த இடத்தை வெட்டி, தகரம் வைத்து ஒட்டி, அடியில் தார் பூச வேண்டியிருந்தது.

நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்கு மகாகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப்போட்டி நடக்குமே, 1934இல் தொடங்கியது, அதைப் பார்க்கச் சின்ன வயதில் அப்பாவோடு போயிருக்கிறேன். அப்போது எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நாலு சக்கரம் என்றால் துரையின் ஜீப், கொழுந்து லொறி, அவ்வளவுதான். நாங்கள் பஸ்ஸில் போய், மிச்சத்தை நடந்து, வேலியோரம் நின்று பார்த்தோம். அடுத்த சீசனுக்கு அப்பாவை நூற்றுப்பத்தில் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். "போட்டியில நீயும் ஓடப்போறியா?" என்று கேட்டார். கேட்டது கிண்டலா, ஆசையா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை.

நீங்களும் தேடுவதாக இருந்தால் பெயின்டைப் பார்த்து மயங்க வேண்டாம். குளிர்ந்த இஞ்சினைக் கேளுங்கள், எண்ணெய் மூடியைத் திருப்பிப் பாருங்கள், டயருக்கு மேலே தட்டிப் பாருங்கள், ஏற்றத்தில் ஒரு தடவை நிறுத்தி எடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் முன்பணத்தை அந்த இடத்திலேயே கொடுத்துவிடுங்கள். வீட்டில் பேசிவிட்டு வருகிறேன் என்று திரும்பினீர்களானால், நீங்கள் பஸ் ஏறுவதற்குள் கம்பளையிலிருந்து ஒருவர் காசோடு வந்து காரைக் கொண்டுபோயிருப்பார்.