பல் கூசும் ஆப்பிளில் ஒரு இனிப்பு

செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தின் சிற்றூர்த் தெருக்களில் நடந்தால், சில வீட்டு வாசல்களில் கூடை நிறைய ஆப்பிள் இருக்கும். தோட்டத்து மரம் கொட்டித் தீர்த்ததை வீட்டுக்காரர்கள் தின்று முடிக்க முடியாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு அட்டையில் எழுதி வைத்துவிடுவார்கள். அந்தக் கூடையில் பச்சையாக, கோணல்மாணலாக, ஒரு கைக்குள் அடங்காமல் கிடக்கும் பழம்தான் பிராம்லி. கடித்துப் பார்த்தால் பல் கூசும். ஆப்பிள் க்ரம்பிளை ரசிக்க விரும்புபவர் முதலில் இந்தப் புளிப்போடு பழக வேண்டும்.

க்ரம்பிளில் செய்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. அடியில் நறுக்கிய ஆப்பிள், மேலே மைதாவும் வெண்ணெயும் சர்க்கரையும் கலந்த உதிரி, பிறகு அவன் அடுப்பு. ஆப்பிள் பை (pie) செய்வதென்றால் மாவு பிசைந்து, ஆற வைத்து, தேய்த்து விரிக்க வேண்டும். இதில் அந்த வேலையே இல்லை. 1940-இல் பிரிட்டனில் வெண்ணெயும் சர்க்கரையும் ரேஷனுக்குப் போயின. அந்த இரண்டாம் உலகப் போர்க்காலத்து வீட்டுச் சமையலோடு சேர்த்துத்தான் ஆங்கிலேயர்கள் க்ரம்பிளை இன்றும் நினைக்கிறார்கள். எளிய பண்டம் என்பதாலேயே இதில் எதையும் ஒளிக்க முடியாது. ஆப்பிள் சப்பென்றிருந்தால் க்ரம்பிளும் சப்பென்றுதான் இருக்கும்.

அதனால்தான் பிராம்லி. 1809-இல் நாட்டிங்ஹாம்ஷையரின் சவுத்வெல் ஊரில் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி சில ஆப்பிள் விதைகளை ஊன்றினாள். ஆப்பிள் விதை தாய்ப்பழத்தின் குணத்தை அப்படியே தருவதில்லை. என்ன காய்க்கும் என்று யாருக்கும் தெரியாது. மரம் வளர்ந்த அந்த வீட்டை 1846-இல் மேத்யூ பிராம்லி என்ற கசாப்புக்கடைக்காரர் வாங்கினார். பத்து ஆண்டுகள் கழித்து ஹென்றி மெர்ரிவெதர் என்ற இளைஞர் ஒட்டுக்கட்டக் குச்சி கேட்டு வந்தபோது, பழத்துக்குத் தன் பெயரையே வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தார். ஊன்றியவளின் பெயர் பழத்தில் இல்லை. எனக்கு இது எப்போதும் மனதை உறுத்தும். இன்று எங்கெங்கோ காய்க்கும் பிராம்லி மரங்கள் எல்லாம் ஒட்டுக்கு மேல் ஒட்டாக அந்த ஒரே மரத்திலிருந்து வந்தவை. தாய்மரம் பூஞ்சை நோயில் நலிந்து போயிருக்கிறது.

இந்தப் பழத்தில் மாலிக் அமிலம் அதிகம், சர்க்கரை குறைவு. சூடு பட்டதும் துண்டுகள் நுரைத்துக் குழைந்துவிடும். புளிப்பு மட்டும் அசையாமல் நிற்கும். காக்ஸ் போன்ற இனிப்பு ஆப்பிள்கள் இதற்கு நேர் எதிர். வெந்தாலும் துண்டு துண்டாகவே இருக்கும். மூன்று பங்கில் இரண்டு பிராம்லி, ஒன்று காக்ஸ் என்று கலந்துவிட்டால் குழைந்த கூழுக்கு நடுவே இனிப்புத் துண்டுகள் தட்டுப்படும். நம் ஊரில் பிராம்லி கிடைக்காது. பச்சை நிற கிரானி ஸ்மித் நல்ல மாற்று, அவ்வளவாகக் குழையாது என்பது மட்டும்தான் வித்தியாசம். சிம்லா ஆப்பிள்தான் கையில் இருக்கிறதென்றால் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, சர்க்கரையைப் பாதியாகக் குறையுங்கள்.

ஆறு பேருக்கு 900 கிராம் ஆப்பிள். தோல் சீவிப் பெரிய துண்டுகளாக நறுக்கி, 75 கிராம் சர்க்கரையில் புரட்டிப் பாத்திரத்தில் பரப்புங்கள். 200 கிராம் மைதா, 120 கிராம் குளிர்ந்த வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. புட்டுக்கு மாவு பிசிறுவது போல விரல் நுனியால் பிசிற வேண்டும். உள்ளங்கைச் சூடு பட்டால் வெண்ணெய் உருகி மாவு களியாகிவிடும். சில கட்டிகள் பட்டாணி அளவில் நிற்கட்டும், பிற்பாடு மொறுமொறுப்பைத் தருபவை அவைதாம். கடைசியில் 100 கிராம் டெமெராரா அல்லது நாட்டுச் சர்க்கரையைக் கலந்து ஆப்பிள் மேல் தூவுங்கள். அழுத்த வேண்டாம், நீராவி வெளியேற வழி வேண்டும். 180 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம். மேற்புறம் பொன்னிறமானால் மட்டும் போதாது. பாத்திரத்தின் ஓரங்களில் சாறு குமிழியிட்டு வழிய வேண்டும்.

வெளியே எடுத்ததும் பாயாதீர்கள். கால் மணி நேரம் ஆறட்டும். கொதிக்கும் பழம் நாக்கைச் சுட்டுவிட்டால் பிறகு எந்தச் சுவையும் தெரியாது, அதற்குள் சாறும் கெட்டிப்படும். கரண்டியை நேராக அடிவரை இறக்கி அள்ளினால் மூன்று அடுக்கு தெரியும். மேலே மொறுமொறுவென்று உதிரி, அடியில் புளித்த கூழ், இடையில் சாறை உறிஞ்சிப் பாதி மாவாகவும் பாதி பழமாகவும் இருக்கும் ஈரமான பகுதி. அது வேகாத மாவு என்று பலர் ஒதுக்குகிறார்கள். என்னைக் கேட்டால் க்ரம்பிளின் உயிரே அங்குதான் இருக்கிறது. வெண்ணெயும் அமிலமும் சந்திக்கிற இடம் அது. அடுத்தபடியாக, சாறு வழிந்து பாகாக இறுகிய ஓரங்களைச் சுரண்டிப் பாருங்கள்.

பட்டைப் பொடி பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கர்கள் தங்கள் ஆப்பிள் க்ரிஸ்ப்பில் ஓட்ஸும் பட்டையும் தாராளமாகச் சேர்ப்பார்கள், அது தனிச் சுவை. பிராம்லிக்குப் பட்டை அதிகம் போட்டால் பழத்தின் மணம் அமுங்கிவிடும். இரண்டு கிராம்பு போதும். வேலியோரத்து பிளாக்பெர்ரி ஒரு கைப்பிடி சேர்ந்தால் நிறமும் துவர்ப்பும் கூடும். செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல் திருநாளுக்குப் பிறகு சாத்தான் அதன் மேல் துப்பிவிடுவான், பறிக்கக் கூடாது என்பது இங்கிலாந்தில் பழைய நம்பிக்கை. அந்த நாள்களில் பழமும் நீர்த்துப்போயிருக்கும்.

தொட்டுக்கொள்ளச் சூடான கஸ்டர்டு. முட்டை சேராத மனைவிக்காக பர்மிங்ஹாமின் ஆல்ஃப்ரெட் பேர்டு 1837-இல் உருவாக்கிய சோளமாவு கஸ்டர்டுதான் பெரும்பாலான ஆங்கில வீடுகளில் நுழைந்தது. அதை மேலே ஊற்றினால் மொறுமொறுப்பு நனைந்துவிடும். பக்கத்தில் ஊற்றி, ஒவ்வொரு வாய்க்கும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளுங்கள். ஐஸ்க்ரீமைவிட எனக்குப் பிடித்தது குளிர்ந்த, இனிப்பில்லாத க்ரீம். இனிப்பு குறைந்த இடத்தில்தான் புளிப்பு முழுசாகத் தெரியும்.

மிஞ்சினால் மறுநாள் மைக்ரோவேவில் வைக்காதீர்கள், உதிரி தொய்ந்துவிடும். 160 டிகிரி அவனில் ஒரு கால் மணி நேரம் வையுங்கள். அதற்கும் பொறுமையில்லை என்றால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே கெட்டித் தயிரோடு சாப்பிடலாம். காலைச் சாப்பாட்டுக்கு அதுவே நன்றாக இருக்கும்.