புகையில்லா வண்டியும் தானோடும் வண்டியும்

திருநெல்வேலிச் சாலை வழியாக நாஞ்சில் நாட்டுக்குள் நுழைபவரை முதலில் எதிர்கொள்பவை ஆரல்வாய்மொழிக் கணவாயில் நிற்கும் காற்றாலைகளே. ஆனி, ஆடி மாதங்களில் அங்கே காரை நிறுத்திக் கதவைத் திறந்தால் கதவு கையோடு வந்துவிடுமோ என்று தோன்றும். சென்ற ஆடியில் என் மருமகன் தன் புதிய மின்சாரக் காரை முப்பந்தலில் ஓரமாக நிறுத்தி, காற்றாலைகளைக் காட்டி, "மாமா, இந்தக் காத்துலதான் நம்ம வண்டி ஓடுது. பொகை கெடையாது" என்றான். சற்றுத் தூரம் சென்றதும், "பிரேக்கும் ஸ்டியரிங்கும் அதுவே பாத்துக்கிடும், நாம சும்மா இருந்தா போதும்" என்றும் சேர்த்துக்கொண்டான்.

இவை அவனுடைய சொந்தச் சொற்கள் அல்ல, விளம்பரங்கள் சொல்லிக்கொடுத்தவை. மின்சாரக் காரையும், ஓட்டுநருக்கு உதவும் மின்னணுக் கருவிகளையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, 'எதிர்காலம்' என்று பெயரெழுதி விற்கிறார்கள். உண்மையில் ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தம் இல்லை. பெட்ரோல் காரிலும் இக்கருவிகள் வருகின்றன. கருவி எதுவுமில்லாத மின்காரும் ஓடுகிறது. ஆகவே பொட்டலத்தைப் பிரித்து, தனித்தனியே நிறுத்துப் பார்ப்பதே முறை. அன்று ஆரல்வாய்மொழியிலிருந்து களியக்காவிளை வரை சென்று கடற்கரைச் சாலை வழியாகத் திரும்பினோம். நிறுத்துப் பார்க்க வேண்டிய சரக்கு எல்லாம் அந்த வழியிலேயே இருந்தது.

முதலில் மோட்டார். மின்கார் புதுமை அன்று. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலாகக் கடந்த கார், 1899இல் பெல்ஜியக்காரரான ஜெனாட்சி ஓட்டிய மின்காரே. நம் நாட்டில் பெங்களூர் 'ரேவா' 2001இல் விற்பனைக்கு வந்தது. அன்று இல்லாதது நல்ல பாட்டரி. லித்தியம் பாட்டரி வந்தபின் அக்குறை பெருமளவு நீங்கிவிட்டது.

ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியுள்ள வெப்ப ஆற்றலை மின்சாரக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 9 யூனிட். அதைக் கொண்டு சிறிய கார் 16 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், யூனிட்டுக்கு இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. மின்காரோ, பாட்டரியை ஏற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்தே, யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் ஓடுகிறது. பெட்ரோல் எஞ்சினில் எரியும் வெப்பத்தின் பெரும்பகுதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வீணாகிறது. மின்மோட்டாரில் அவ்வாறு வீணாவது மிகக் குறைவு. மேலும் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே டைனமோவாக மாறி, பாட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பித் தருகிறது. தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் ஊர்ந்து, நின்று, மறுபடி ஊர்ந்து செல்லும் நம் சாலைக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது. நெரிசலில் நிற்கையில் அது எதையும் எரிப்பதில்லை. ஆரல்வாய்மொழிக்கும் களியக்காவிளைக்கும் இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். 'வழியில் பாட்டரி தீர்ந்துவிட்டால்?' என்ற அச்சம் மாவட்டத்துக்குள் ஓடுபவருக்குத் தேவையற்றது. இதுவரை மருமகன் பக்கமே நியாயம்.

ஆனால், 'இந்தக் காற்றில்தான் ஓடுகிறது' என்றானே, அது எவ்வளவு சரி?

காற்றாலைக்கு அடியில் வீடு இருப்பதால் அந்த வீட்டுக்குக் காற்றாலை மின்சாரம் வருகிறது என்று பொருள் இல்லை. முப்பந்தல் காற்றும், கோதையாற்று நீரும், கூடங்குளத்து அணுவும், தூத்துக்குடி நிலக்கரியும் ஒரே மின்தொகுப்பில் கலந்துவிடுகின்றன. நாடு முழுவதற்குமான சராசரியில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரியமில வாயு வெளியாகிறது. எனவே கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 117 கிராம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ, கிலோமீட்டருக்கு 144 கிராம். வேற்றுமை 27 கிராம், அதாவது ஐந்தில் ஒரு பங்கு அளவே. புகை இல்லாமல் போகவில்லை. மார்த்தாண்டத்துப் புகை வேறோர் ஊரின் புகைபோக்கிக்கு மாறியிருக்கிறது. மார்த்தாண்டத்துக் கடைக்காரருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அது நன்மையே, மறுக்கவில்லை.

கணக்கு இத்தோடு முடிவதில்லை. பாட்டரியைச் செய்வதிலேயே, அதன் கொள்ளளவில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 60 முதல் 100 கிலோ வரை கரியமில வாயு வெளியாகிறது. 30 யூனிட் பாட்டரிக்கு இரண்டு டன் என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். கார் இந்தக் கடனோடுதான் கடையிலிருந்து புறப்படுகிறது. கிலோமீட்டருக்கு 27 கிராம் வீதம் அடைத்தால், கடன் தீர 74,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். முழுவதும் காற்று மின்சாரத்தில் ஓடினால் 14,000 கிலோமீட்டரில் தீர்ந்துவிடும். (பெட்ரோலைச் சுத்திகரித்துக் கொண்டுவருவதில் எழும் புகையை நான் சேர்க்கவில்லை, சேர்த்தால் மின்காருக்குச் சற்று அனுகூலம்.) ஒரே வண்டி, ஒரே சாலை, மின்சாரத்தின் ஊற்றுக்கண் மாறினால் விடை ஐந்து மடங்கு மாறுகிறது. மின்கார் நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்துவோர் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை.

காற்று நமக்கு வைகாசி முதல் புரட்டாசி வரைதான் தாராளம். அந்நாட்களில் மின்சாரத்தை வாங்க ஆளின்றிக் காற்றாலைகளை நிறுத்திவைத்த ஆண்டுகளும் உண்டு. அப்போது பாட்டரிகளை ஏற்றினால் லாபம் இருபக்கமும். மார்கழியில் இரவு முழுவதும் ஏற்றினால் பெரும்பாலும் நிலக்கரியே வரும். வீட்டுக் கணக்கையும் மறந்துவிட வேண்டாம்: இரண்டு மாதத்தில் 2,000 கிலோமீட்டர் ஓடினால் 300 யூனிட்டுக்கு மேல் கூடும், நம் மின்கட்டணம் படிப்படியாக ஏறுவதால், காரின் யூனிட்டுகள் உயர்ந்த படியின் விலையில்தான் விழும்.

2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் அடித்தபோது மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன. மின்கார் அன்று கொட்டிலில்தான் நின்றிருக்கும். அதே சமயம், 30 யூனிட் நிறைந்த பாட்டரி ஒரு வீட்டின் விளக்குகளையும் விசிறியையும் பல நாள் தாங்கும். வெளியே மின்சாரம் கொடுக்கும் வசதி சில வண்டிகளில் உண்டு. புயல் காணும் கடற்கரையோரத்தார் வாங்குமுன் முதலில் கேட்க வேண்டிய வசதி அதுதான் என்பது என் எண்ணம்.

இனி இரண்டாவது சரக்குக்கு வருவோம். முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு காமிரா, வண்டியின் முகப்பில் ஒரு ரேடார். எதிரிலுள்ள பொருளின் தூரத்தையும், அது நெருங்கும் வேகத்தையும் இவை இடைவிடாமல் அளக்கின்றன. மோதல் நேரும் என்று கணக்கு காட்டினால் முதலில் ஒலி, பிறகு தானே பிரேக். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆகுமெனில், அதற்குள் வண்டி 25 மீட்டர் ஓடிவிடும். கருவிக்கு அந்தத் தயக்கம் இல்லை. முன் செல்லும் வண்டியின் பின்னால் மோதும் விபத்துகள், தானியங்கிப் பிரேக் உள்ள கார்களில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துள்ளன என்று அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வுக் கழகம் கண்டிருக்கிறது. இது மெய்யான பயன்.

சாலைக் கோட்டைப் பின்பற்றி ஸ்டியரிங்கைத் திருப்பும் கருவி வேறு வகை. அதற்குக் கோடு வேண்டும்! வில்லுக்குறியைத் தாண்டியதும் கோடு மங்கி, பிறகு மறைந்தது. ஒரு குழியைத் தவிர்க்க மருமகன் ஒதுங்கினான். கருவியோ, வண்டி கோட்டை விட்டு விலகுகிறது என்று எண்ணி ஸ்டியரிங்கைக் குழியின் பக்கமே இழுத்தது. தக்கலை அருகே குறுக்கே புகுந்த ஓர் ஆட்டோவைக் கண்டு வண்டி தானே படீரென்று நின்றது. ஆட்டோவுக்கு ஒன்றுமில்லை, பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தவர் மயிரிழையில் தப்பினார். வாழைக்குலைகள் வெளியே தொங்க ஒரு டெம்போ முன்னே சென்றபோது அது ஓயாமல் கூவிற்று. குழித்துறையில் மழை பிடித்ததும், 'காமிரா மறைந்துள்ளது' என்று அறிவித்துவிட்டு வேலைநிறுத்தம் செய்தது. ஆண்டில் இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டத்தில் இது சிறு குறை அல்ல. மார்த்தாண்டத்தில் 2018இல் திறந்த மேம்பாலத்தின் மேல் மட்டும், இரண்டரை கிலோமீட்டர், ஒழுங்காக நடந்துகொண்டது.

நம் நாட்டில் 2022இல் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். ஏறக்குறைய 20 பேர் நடந்து சென்றவர்கள். கருவியின் தரத்தைக் காருக்குள் இருப்பவரை வைத்து அளப்பது பாதி அளவைதான். மின்கார் மெதுவாக வரும்போது ஓசை இல்லாததால் தெருவில் நடப்பவருக்குத் தெரிவதில்லை என்பதும் இதோடு சேர்ந்தது. ஐரோப்பாவில் 2019 முதல் இத்தகைய புதுரக வண்டிகளில் ஒலி எழுப்பும் கருவியைக் கட்டாயமாக்கினார்கள்.

ஆனால் எனக்குக் கவலையளிப்பது கருவி தவறுவதைவிட, தவறாமல் இருப்பதே. 1983இல் ஆங்கில உளவியலறிஞர் லிசான் பெயின்பிரிட்ஜ் தானியங்கிச் சாதனங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எளிய வேலையைப் பொறி எடுத்துக்கொண்டு கடினமான கணத்தை மட்டும் மனிதனிடம் விடுகிறது. அதற்குள் அவன் பழக்கத்தை இழந்திருப்பான் என்பது அதன் சாரம். 2016இல் அமெரிக்காவின் புளோரிடாவில், தானோட்டும் வசதியை நம்பிச் சென்ற காருக்குக் குறுக்கே ஒரு லாரி திரும்பியது. வெளிச்சமான வானத்தின் பின்னணியில் அந்த வெள்ளை லாரியைக் கருவியும் காணவில்லை, ஓட்டுநரும் பிரேக் போடவில்லை, அவர் இறந்தார். இக்கருவிகளைச் சுழியிலிருந்து ஐந்து வரை படிகளாகப் பிரித்துள்ளனர். நம் கடைகளில் விற்பவை இரண்டாம் படிக்கு மேற்பட்டவை அல்ல. அப்படியில் ஓட்டும் பொறுப்பு முழுவதும் மனிதனுடையதே. 'சும்மா இருந்தா போதும்' என்பது எந்தக் கையேட்டிலும் இல்லை. கோட்டைப் பிடிக்கும் கருவியை நிறுத்திவிட்டு, பிரேக் கருவியை வைத்துக்கொள் என்று மருமகனிடம் சொன்னேன். பாதி மனத்தோடு நிறுத்தினான்.

திரும்பும் வழியில் மணவாளக்குறிச்சி. மின்காரைப் பற்றிய கணக்கில் மீதியிருந்த ஒரு வரி அங்கேதான் கிடக்கிறது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய இரசாயனர், இங்கிருந்து சென்ற தென்னந்தும்புச் சரக்கில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அன்று அதிலுள்ள தோரியம் எரிவாயு விளக்குகளின் வலைக்கூடு செய்ய வேண்டியிருந்தது. இன்று அதே மோனசைட்டிலுள்ள நியோடிமியம் என்ற அருமண் உலோகம் மின்காருக்கு வேண்டியிருக்கிறது. இரும்பும் போரானும் நியோடிமியமும் கலந்த காந்தம் 1980களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டுபிடிக்கப்பட்டது. பெரும்பாலான மின்கார் மோட்டார்களில் இத்தகைய காந்தம் ஒன்றிரண்டு கிலோ இருக்கும்.

மணல் நம்முடையது, காந்தமோ பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. 2025 ஏப்ரலில் அந்நாடு சில அருமண் உலோகங்களுக்கும் காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தபோது நம் வாகன ஆலைகள் திண்டாடின. 'நம் மணலையே அள்ளுவோம்' என்ற குரல் உடனே வலுத்தது. ஆனால் கிள்ளியூர் வட்டக் கடற்கரையில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து, 2024இலேயே அங்குள்ள மீனவ ஊர்கள் திரண்டிருந்தன. கடலரிப்பும் கதிரியக்கமும் அவர்கள் அச்சம். இயற்கையிலேயே கதிரியக்கம் மிகுந்த மணல் இது. அள்ளினால் குறையும் என்பது ஒரு வாதம், கிளறினால் பரவும் என்பது எதிர்வாதம். அளந்து, அளவைகளை ஊராருக்குத் தமிழில் வெளியிடாமல், 'நாட்டு நலன்' என்று மட்டும் சொல்வது விஞ்ஞானம் ஆகாது. அத்துடன், வெப்பம் தாங்கும் காந்தத்துக்குச் சேர்க்கும் டிஸ்புரோசியம் நம் மோனசைட்டில் மிக அற்பம். மணலை எல்லாம் அள்ளினாலும் அதற்குப் பிறரை நம்பித்தான் ஆகவேண்டும்.

காந்தமே இல்லாத மோட்டார்களும் உண்டு. காந்தத்துக்குப் பதில் சுழலும் பகுதியில் செம்புக் கம்பி சுற்றிய மோட்டாரைப் பிரான்சின் ரெனோ நிறுவனம் தன் 'ஸோயி' காரில் பல ஆண்டுகள் பொருத்தியது. எடை சற்றுக் கூடும், திறன் சிறிது குறையும், ஓடாமல் போய்விடாது. மருமகனின் வண்டியில் எந்த மோட்டார் என்று விற்பனையாளரிடம் தொலைபேசியில் கேட்டோம். அவர் இருக்கைகளின் நிறங்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.