ஜப்பான் எங்களுக்கும்தான் கொடுத்தது

“ஜப்பான்காரன் எங்களுக்குச் சும்மா தூக்கிக் குடுத்தான். உங்களுக்கு வட்டிக்குத்தானே குடுத்தான்?” வானமாமலை கோயில் திருவிழாவுக்கு நாங்குநேரி வந்திருந்த தலவாக்கலை அண்ணன் பத்துப் பேர் நடுவில் கேட்டுவிட்டார். பெரியப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகும் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார். அண்ணனுக்குப் பிறந்த மண் அது. பெருமை இருக்கட்டும், எங்களை ஏன் இறக்கிப் பேச வேண்டும்?

அவர் முதலில் எடுப்பது ஜே.ஆர். கதை. 1951 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில், அப்போது நிதியமைச்சராக இருந்த ஜே.ஆர். ஜயவர்தன, ஜப்பானிடம் போர் இழப்பீடு கேட்க மாட்டோம் என்று பேசினார். ஜப்பான் அந்த நன்றியை இன்னும் மறக்கவில்லை என்பார் அண்ணன். உண்மைதான். ஆனால் இழப்பீட்டை விட்டுக்கொடுத்தது இலங்கை மட்டுமா? அந்த மாநாட்டில் வைக்கப்பட்ட சமாதான ஒப்பந்தத்தின் ஷரத்துகள் பிடிக்காமல் நேரு மாநாட்டுக்கே போகவில்லை. 1952 ஜூனில் இந்தியா ஜப்பானோடு தனியே உடன்படிக்கை செய்து இழப்பீட்டைக் கைவிட்டது. அதற்கும் முன்னால், 1949-ல், டோக்கியோக் குழந்தைகள் ஆசைப்பட்டுக் கேட்டார்கள் என்று இந்திரா என்ற யானையைக் கப்பலேற்றி அனுப்பியவரும் நேருதான். ஜப்பான் தன் முதல் யென் கடனை 1958-ல் கொடுத்தது இந்தியாவுக்கு.

இலவசமாக வாங்கியதில் இலங்கைக்கு முதலிடம் கொடுத்துவிடலாம். 1982-ல் தொடங்கிய ரூபவாஹினி தொலைக்காட்சி ஜப்பான் கொடையில் வந்தது. 1984-ல் திறந்த ஜயவர்தனபுர வைத்தியசாலையும் அப்படித்தான், 1,001 படுக்கைகள். சின்ன நாடு, கொடுத்தால் கண்ணுக்குத் தெரியும். நாங்களும் கொடையே பார்க்காதவர்கள் இல்லை. சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவுக்குக் கட்டடம் வந்தது ஜப்பான் மானியத்தில்தான்.

அண்ணன் அழைத்து ஒருமுறை தலவாக்கலைக்குப் போயிருக்கிறேன். அவர் ஆசையோடு காட்டியது மேல் கொத்மலை நீர்த்தேக்கம். ஊரை ஒட்டித் தேங்கிக் கிடக்கும் தண்ணீர், மேலே தேயிலைச் சரிவு, தோட்ட லயங்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களுக்குக் கட்டிக்கொடுத்த வீடுகள். இலங்கையில் திட்டத்தைக் ‘கருத்திட்டம்’ என்கிறார்கள். அண்ணன் வாயில் அந்தச் சொல் கேட்க அழகாக இருந்தது. சென் கிளையர் அருவி வற்றிப்போகும் என்று எத்தனையோ பேர் எதிர்த்த கருத்திட்டம் அது. 2012-ல் ஓடத் தொடங்கியது, 150 மெகாவாட். எல்லாம் சரி. ஆனால் அது ஜப்பான் கொடுத்த கடன்! 2002-ல் கையெழுத்தான யென் கடன். அண்ணன் தினமும் பார்க்கும் ஜப்பான் உதவியே வட்டிக்கு வந்ததுதான்.

கடன் வாங்கியதில் எனக்கு ஒரு குறைச்சலும் தெரியவில்லை. பெரியகுளத்துப் பாசனத்தில் நெல் போடுகிறவர் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கினால் அவரைக் கையேந்துகிறவர் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. எங்கள் மாநிலம் நேரே டோக்கியோவிடம் கேட்கவும் முடியாது. டெல்லி கையெழுத்துப் போட வேண்டும், டெல்லி வழியாகவே பணம் வர வேண்டும். அத்தனையும் தாண்டித்தான் 2008-ல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்துக்குக் கடன் வந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். சின்னப் பிள்ளைகளின் பல்லிலேயே பழுப்புக் கறை விழும். வயது ஏற ஏற மூட்டு இறுகும், முதுகு வளையும். கிணற்றைத் தோண்டத் தோண்டத் தீராத சங்கடம் அது. 2013-லிருந்து காவிரித் தண்ணீர் குழாயில் போகிறது. ஜப்பான் கடனில் தமிழ்நாடு செய்ததில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது இந்தக் குழாய்தான், மெட்ரோ ரயில் அல்ல.

மெட்ரோவையும் சும்மா விட்டுவிட முடியாது. டெல்லி மெட்ரோவுக்கு 1997-ல் ஜப்பான் கடன் தொடங்கியது. 2002 கடைசியில் வண்டி ஓடியது. அங்கே தொழில் கற்ற டெல்லி மெட்ரோ நிறுவனம் பிறகு டாக்கா மெட்ரோவின் ஆலோசகர் குழுவில் இடம்பிடித்தது. அதுவும் ஜப்பான் கடனில் கட்டியதே. சென்னையில் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே 2015-ல் ரயில் ஓடியது. கொழும்புக்கும் ஜப்பான் இலகு ரயில் போட வந்தது. 2019-ல் ஒப்பந்தம்: 40 வருஷத் தவணை, 0.1 சதவீத வட்டி. அதைவிட மலிவாக யார் கொடுப்பார்கள்? 2020-ல் கோத்தாபய அரசு அதை ரத்து செய்துவிட்டது. இதைச் சொன்னதும் அண்ணன் முகம் வாடிப்போயிற்று. அரசியல்வாதிகள் செய்ததற்கு அவர் என்ன செய்வார்! எங்களுக்கும் 1998-ல் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு ஜப்பான் புதுக் கடனை நிறுத்தியது, 2001 வரை.

2022-ல் இலங்கை கடனைத் திருப்ப முடியாமல் நின்ற பிறகு, கடன் கொடுத்த நாடுகளின் குழுவில் ஜப்பான், பிரான்சுடன் இந்தியாவும் இணைத்தலைமை ஏற்றது. ஜப்பானிடம் முதலில் கடன் வாங்கிய நாடு ஜப்பானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. தமிழ்நாடும் தன் பங்குக்கு 40,000 டன் அரிசியும் 500 டன் பால்மாவும் மருந்தும் அறிவித்தது. எங்கள் தூத்துக்குடியிலிருந்தும் கப்பல் போனது. அதற்கு வட்டி கிடையாது. அதை அண்ணனிடம் சொல்லிக்காட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்த மாதங்களில் அவர் வீட்டில் காஸ் இல்லாமல் விறகில் சமைத்தது எங்களுக்குத் தெரியும்.

மதுரை எய்ம்ஸ் பற்றி மட்டும் அவர் கேட்டபோது குரலை உயர்த்த முடியவில்லை. 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள், 2021 மார்ச்சில் ஜப்பான் கடனுக்குக் கையெழுத்தானது, 2024-ல்தான் கட்டடவேலை தொடங்கியது. அதில் சேர்ந்த மாணவர்கள் ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரியில் உட்கார்ந்து படித்தார்கள். நாங்குநேரியில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் இப்போதும் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குத்தான் வண்டி பறக்கிறது. அங்குள்ள டாக்டர்கள் கெட்டிக்காரர்கள், கூட்டம்தான் தாங்காது. இந்தத் தாமதத்தை ஜப்பான் தலையில் கட்ட முடியாது. டெல்லியும் சென்னையும் எங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.