தட்சிணசித்ராவின் செட்டிநாட்டு வீடு

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் தட்சிணசித்ரா. இங்குள்ள நகரத்தார் வீடு செட்டிநாட்டில் பிரிக்கப்பட்டு, இங்கே மீண்டும் கட்டப்பட்டது.

பழைய வீடுகள் இடிக்கப்பட்டு, தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் தனித்தனியே விலைபோகின்றன. அச்சூழலில் ஒரு வீட்டைச் சிதறாமல் காத்தது இதன் முதன்மையான சாதனை. தேக்குத் தூணையும் செதுக்கிய நிலைக்கதவையும் பார்வையாளர் அவற்றுக்குரிய இடத்திலேயே காண்கிறார். கண்ணாடிப் பேழைக்குள் வெறும் சிற்பமாகிவிடும் நிலைக்கதவு இங்கே வாசலாகவே இருக்கிறது.

ஆயினும் செட்டிநாட்டு வீடு தெருவோடும் ஊருணியோடும் பிணைந்தது. திருமணத்துக்கும் படைப்புக்கும் பங்காளிகள் கூடும் இடம். அந்த உறவுகளைப் பெயர்த்துக் கொண்டுவர இயலாது. ஆகவே இவ்வீடு தச்சர் கைத்திறனுக்கு நல்ல சான்று. நகரத்தார் வாழ்வுக்கு ஊரில் எஞ்சியுள்ள வீடுகளே சான்று. அவற்றைக் காப்பதற்கு அருங்காட்சியகம் மாற்றாகாது.