டிரைவரோடு வந்த வண்டி

இரண்டுமே இரவல் வண்டிகள். பெட்ரோல் பிஎம்டபிள்யூ எக்ஸ்1 என் கல்லூரி நண்பனுடையது. பல் டாக்டர், தன் வண்டியைத் தானே ஓட்டுகிற ஜாதி. "ஒரு கீறல் விழுந்தாலும் உங்கிட்ட பேச மாட்டேன்டா" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு, நம்பிக்கையில்லாமல் தானும் கூடவே ஏறிக்கொண்டான். மின்சாரத்தில் ஓடும் ஐஎக்ஸ்1 அவனுடைய மாமனாருடையது. அது காலை ஐந்து மணிக்கு டிரைவரோடு வந்து வாசலில் நின்றது. நான் சாவிக்குக் கை நீட்டினேன். டிரைவர் அண்ணன் பின்கதவைத் திறந்துவிட்டார். "ஐயா உங்களைப் பின்னாடி உட்காரச் சொன்னாங்க சார்."

அவரைச் சமாதானப்படுத்தி ஸ்டீயரிங்கைப் பிடிக்க வேலூர் வரை ஆனது. அதுவரை பின்சீட்டிலிருந்தே சோதனை.

இந்த இரண்டு வண்டிகளும் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்கள். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பிஎம்டபிள்யூ தொழிற்சாலை 2007-லிருந்து இருக்கிறது. அங்கேதான் இவை பொருத்தி உருவாக்கப்படுகின்றன. எக்ஸ்1-ன் இப்போதைய தலைமுறை 2023 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்தது. ஒரே அடித்தளத்தில் பெட்ரோல், டீசல், மின்சாரம் மூன்றையும் பொருத்தும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அதனால் வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பிதான். பம்பரில் அதே எம் ஸ்போர்ட் முறைப்பு, உள்ளே அதே வளைந்த திரை, அதே தடித்த ஸ்டீயரிங்.

ஆனால் மின்சார வண்டியின் கதையில் ஒரு திருப்பம் இருக்கிறது. 2023 செப்டம்பரில் ஐஎக்ஸ்1 முதலில் வந்தபோது அது முழுதாக இறக்குமதி. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு மோட்டார், 313 குதிரைத்திறன், நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 5.6 விநாடி. விலை 66.90 லட்சம். ஓட்டத் தெரிந்தவனுக்குத் தீனி. 2025 ஜனவரியில் அதன் இடத்துக்கு வந்ததுதான் இப்போதைய நீள வீல்பேஸ் வண்டி. பின்மோட்டார் போய்விட்டது. 204 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் டார்க், 8.6 விநாடி. அறிமுக விலை 49 லட்சம். வேகத்தைக் குறைத்து, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே சுமார் 11 சென்டிமீட்டர் சேர்த்து, அந்த இடம் முழுவதையும் பின்சீட்டின் காலடியில் கொட்டியிருக்கிறார்கள். பெட்ரோல் வண்டியின் வீல்பேஸ் 2,692 மில்லிமீட்டர், இதற்கு 2,800.

ஓட்டுகிறவனின் வண்டி என்று பெயர் வாங்கிய கம்பெனி, இந்த நாட்டில் யார் எங்கே உட்காருகிறார் என்பதைக் கவனித்துவிட்டது. டிரைவர் அண்ணன் வாசலில் சொன்னதும் அதைத்தான்.

ஏலகிரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. சென்னையிலிருந்து சுமார் 230 கிலோமீட்டர். நடுவில் மோசமான ரோடு, நல்ல ரோடு, கடைசியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி வாலாஜாபேட்டை வரை சாலையை அகலப்படுத்தும் வேலை வருடக்கணக்காக நடக்கிறது. நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது சர்வீஸ் ரோட்டில் இறக்கிவிட்டு, குண்டும் குழியும் காட்டி, மறுபடி மேலே ஏற்றுவார்கள். எந்த சஸ்பென்ஷனுக்கும் இதைவிடக் கறாரான பரீட்சை கிடையாது.

பின்சீட்டில் நான் காலை நீட்டிக்கொண்டு, முதுகுச் சாய்மானத்தையும் கொஞ்சம் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தேன். குழிகள் தெரிந்தன, ஆனால் இடுப்புக்கு வரவில்லை. பேட்டரி எடையெல்லாம் தரைக்கு அருகில் இருப்பதால் வண்டி தலையாட்டுவதும் குறைவு. முன்னால் நண்பன் ஓட்டிப் போன பெட்ரோல் வண்டியின் பின்பக்கம் அதே குழிகளில் துள்ளியது கண்ணுக்கே தெரிந்தது. வேலூரில் வண்டி மாற்றி அதில் ஏறியபோது உடம்புக்கும் தெரிந்தது. மெதுவாகப் போகும்போது சின்னப் பள்ளங்களைக்கூட அது மறைக்காமல் சொல்லிவிடும்.

பெட்ரோல் எஞ்சின் 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ. 136 குதிரைத்திறன், 230 நியூட்டன் மீட்டர், 7 கியர் டூயல் கிளட்ச். நூறைத் தொட 9.2 விநாடி. சிக்னலில் நிற்கும்போது மூன்று சிலிண்டரின் மெல்லிய நடுக்கம் ஸ்டீயரிங்கில் வரும். 50 லட்சத்தை ஒட்டிய வண்டியில் அது வரக்கூடாது என்பது என் கட்சி. டாக்டர் நண்பன், "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றான். பல்லைக் குடையும் இயந்திரத்தைப் பிடித்தே பழகிய கை. பூந்தமல்லி போன்ற நெரிசலில் கியர்பெட்டி ஊர்ந்து போகும்போது ஒரு கணம் யோசித்துத் தாவுகிறது. மின்சார வண்டியில் இந்த அவஸ்தை எதுவும் இல்லை. மிதித்தால் போகும், விட்டால் நிற்கும்.

இப்போது மலை.

அடிவாரத்துப் பொன்னேரியைத் தாண்டி ஏலகிரி ஏறும் வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் பெயர்களை வைத்திருக்கிறார்கள். பாவேந்தர் வளைவில் திரும்பி, பாரி வளைவில் மூச்சு வாங்கலாம். இங்கேதான் அதுவரை சும்மா இருந்த பெட்ரோல் வண்டி கண் திறந்தது. ஸ்போர்ட் முறைக்கு மாற்றினால் கியர்பெட்டி இரண்டாவது கியரை விடாமல் பிடித்துக்கொள்கிறது, எஞ்சின் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடுகிறது. பக்கத்து வண்டியைவிட 400 கிலோவுக்கு மேல் இலேசு என்பதால் மூக்கு சட்டென்று திரும்புகிறது. வேகம் ஒன்றும் பெரிதில்லை. 40, 45-லேயே ஏதோ சாதித்த மாதிரி இருக்கும். மலைப்பாதைக்கு அந்த அளவு போதும். அதற்கு மேல் எதிரே வரும் பஸ்தான் நம் சாமர்த்தியத்தைச் சோதிக்கும்.

மின்சார வண்டி வளைவிலிருந்து வெளியே வரும்போது வேகமானது. டார்க் முழுவதும் காத்திருக்கிறது, கியர் இறங்கக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வளைவுக்குள் நுழையும்போது நீளமும் எடையும் தெரிகின்றன. ஸ்டீயரிங்கைக் கூடுதலாக ஒடிக்க வேண்டும், அவசரப்பட்டு மிதித்தால் முன்சக்கரங்கள் தரையைச் சுரண்டுகின்றன. இரண்டுமே முன்சக்கரத்தில் இழுக்கும் வண்டிகள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். 2009-ல் வந்த முதல் எக்ஸ்1 பின்சக்கரம் தள்ளும் வண்டி; அதை ஓட்டியவர்கள் இன்னும் அந்தப் பெருமூச்சை விடுவதற்குக் காரணம் உண்டு.

இறங்கும்போது கணக்கு மாறுகிறது. அடிவாரத்திலிருந்து மேலே சுமார் 600, 700 மீட்டர் ஏற்றம். இரண்டு டன் வண்டியையும் இரண்டு பேரையும் அந்த உயரத்துக்குத் தூக்க, சாலையின் உராய்வெல்லாம் சேர்க்காமலே, கிட்டத்தட்ட 4 யூனிட் மின்சாரம் போகும். பெட்ரோல் வண்டி இறங்கும்போது இந்தச் சக்தியெல்லாம் பிரேக்கிலும் எஞ்சினிலும் சூடாகிக் காற்றில் கரைகிறது. மின்சார வண்டியில் மோட்டாரே ஜெனரேட்டராகி அதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கிறது. 33 சதவீதத்தில் இறங்கத் தொடங்கினேன். அடிவாரத்தில் 36 காட்டியது. பிரேக்கை நான் தொட்டது இரண்டு முறை, இரண்டும் குரங்குகளுக்காக.

இதில் ஒரு சங்கதி. இப்படிக் காலை எடுத்ததும் வண்டி தானே இழுத்து நிற்பது ஓட்டுகிறவருக்கு சுகம், பின்னால் இருப்பவருக்கு வயிற்றைப் புரட்டும். டிரைவர் அண்ணன் அதைப் பயன்படுத்துவதே இல்லையாம். "ஐயா பின்னாடி பேப்பர் படிப்பாரு சார். பிரேக் போட்டதே தெரியக்கூடாது." அவர் சாதாரண டி முறையிலேயே, பாதத்தால் தடவுவது போல ஓட்டுகிறார். நான் ஓட்டியதைவிட அவர் ஓட்டும்போதுதான் அந்த வண்டி நல்ல வண்டியாக இருந்தது. ஹான்ஸ் சிம்மர் அமைத்த செயற்கை ஒலி ஒன்றும் உண்டு. மிதிக்க மிதிக்க விண்கலம் கிளம்புகிற மாதிரி உறுமும். அதையும் அவர் முதல் நாளே அணைத்துவிட்டார்.

உள்ளறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு புகாரைத் தவிர. பழைய பிஎம்டபிள்யூக்களில் கைக்கு அடக்கமாக ஒரு திருகு இருந்தது; கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் எல்லாவற்றையும் அதிலேயே செய்யலாம். அதை எடுத்துவிட்டார்கள். ஏசியைக் குறைக்கக்கூடத் திரையில் விரலைத் தேட வேண்டும். நம் வெயிலில், வியர்த்த விரலோடு, ஓடும் வண்டியில். இரண்டு வண்டிக்கும் இது பொது. போனை நிறுத்தி வைத்துச் சார்ஜ் ஏற்றும் தட்டு மட்டும் நல்ல யோசனை. ராட்டினத்தில் நம்மைப் பிடிக்கும் கம்பி போல ஒன்று போனைப் பிடித்துக்கொள்கிறது, எத்தனை வளைவிலும் அது நழுவவில்லை.

பேட்டரி 66.4 யூனிட் கொள்ளும். கம்பெனி சொல்வது 531 கிலோமீட்டர். அது சோதனைக்கூடக் கணக்கு. நெடுஞ்சாலையில் ஏசியோடு 90, 100-ல் போனால் 380-லிருந்து 400 என்று வைத்துக்கொள்வது நிம்மதி. அடிவாரத்தை 42 சதவீதத்தில் அடைந்தோம், ஆகவே திரும்பி வர ஒரு முறை சார்ஜ் போட்டே ஆக வேண்டும். நெடுஞ்சாலையில் முதலில் நின்ற இடத்தில் இரண்டு சார்ஜிங் துப்பாக்கிகளில் ஒன்று வேலை செய்யவில்லை, மற்றொன்றில் ஒரு டாக்ஸி படுத்திருந்தது. செயலியில் இரண்டும் காலி என்றே காட்டியது. எந்தக் கம்பெனி என்று சொல்வதில் பயனில்லை. அடுத்து ஆம்பூரில் 60 கிலோவாட் சார்ஜர் கிடைத்தது. 28-லிருந்து 80 சதவீதம் ஏற நாற்பது நிமிடம் ஆனது. பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் சாப்பிட்டு முடிக்க எங்களுக்கும் அவ்வளவுதான் ஆனது. வண்டி 130 கிலோவாட் வரை வாங்கிக்கொள்ளும்; கொடுக்க ஆள் வேண்டும்.

காசுக் கணக்குக்கு வருவோம். 49 லட்சம் கொடுப்பவர் பெட்ரோல் செலவைப் பார்ப்பாரா என்று கேட்பவர்கள் உண்டு. பார்ப்பார். பார்த்ததால்தான் அவரிடம் 49 லட்சம் இருக்கிறது. நகருக்குள் பெட்ரோல் எக்ஸ்1 லிட்டருக்குப் பத்தைச் சுற்றித்தான் தருகிறது. லிட்டர் 100 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய். மின்சார வண்டியை வீட்டில் சார்ஜ் போட்டு, யூனிட் பத்து ரூபாய் என்றே தாராளமாக வைத்துக்கொண்டாலும் இரண்டு ரூபாயைத் தாண்டாது. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடினால் மிச்சம் 12,000 ரூபாய்.

அதைவிடப் பெரிய தொகை வரியில் இருக்கிறது. மின்சார வண்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். பெட்ரோல் வண்டிக்கு 2025 செப்டம்பர் வரை 28, மேலே செஸ் வேறு இருந்தது. பெரிய பேட்டரி சுமந்தும் இரண்டின் ஷோரூம் விலையும் பக்கத்துப் பக்கத்தில் நின்றது இதனால்தான். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள்கால சாலை வரி 20 சதவீதம். 50 லட்சத்தை ஒட்டிய வண்டிக்கு ஏறத்தாழ 10 லட்சம். மின்வாகனத்துக்கு அந்த வரியில் 2025 டிசம்பர் 31 வரை முழு விலக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதம் இருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் பெட்ரோல் வண்டியைத் தேடிப் போக ஒருவருக்கு வலுவான காரணம் வேண்டும்.

நண்பனிடம் அந்தக் காரணம் இருக்கிறது. அவன் அண்ணா நகரில் ஒரு அபார்ட்மெண்டில் மூன்றாவது மாடி. கார் நிறுத்தும் இடத்தில் சார்ஜர் வைக்க அசோசியேஷனில் இரண்டு கூட்டம் போட்டும் முடிவாகவில்லை. வீட்டில் சார்ஜ் போட வழியில்லாதவர் இந்த மின்சார வண்டியை வாங்கக்கூடாது. வெளியே யூனிட்டுக்கு இருபது ரூபாய் கொடுத்து, வரிசையில் நின்று ஓட்டுவதில் அர்த்தமில்லை. மாமனாருக்குத் தனி வீடு, மூன்று ஃபேஸ் மின்சாரம், 11 கிலோவாட் சார்ஜர். இரவு மாட்டினால் காலையில் நிறைந்திருக்கிறது. மாதம் இரண்டு முறை மதுரை, கோவை என்று ஓடுகிறவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிட்டு 150 குதிரைத்திறன் டீசல் எக்ஸ்1-ஐப் பார்க்கலாம். அதன் 360 நியூட்டன் மீட்டர் நீண்ட ரோட்டில் பெட்ரோலைவிட எவ்வளவோ நிதானமாக இழுக்கும்.

என் தீர்ப்பு: சார்ஜ் போட இடமிருந்தால் ஐஎக்ஸ்1. ஸ்போர்ட் என்ற பெயருக்கு ஆசைப்பட்டு மட்டும் இரண்டையும் வாங்காதீர்கள். பெட்ரோலில் அது 14 வளைவுகளுக்கு மட்டும் வருகிறது. மின்சாரத்தில் அது பழைய இரண்டு மோட்டார் வண்டியோடு போய்விட்டது. டெஸ்ட் டிரைவ் போகும்போது ஒன்று செய்யுங்கள். ஷோரூம் பையனை இறக்கிவிட்டு, உங்கள் டிரைவரை ஓட்டச் சொல்லி, அரை மணி நேரம் பின்சீட்டில் செய்தித்தாள் படித்துப் பாருங்கள்.