மணி அடித்தால் போதுமா?

கதை எழுதுகிறவனுக்குக் காரின் மணியோசையைப் பற்றி விமரிசனம் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். சொல்லும் ஓர் ஓசைதானே! எதை, எந்த இடத்தில், எந்தக் குரலில், எத்தனை முறை சொல்வது என்பதுதான் எழுத்துக் கலையின் அரிச்சுவடி. இக்காலத்துக் கார்களுக்குள் ஒலிக்கும் எச்சரிக்கை மணிகளை அந்த அளவுகோலை வைத்தே இங்கே அளந்து பார்க்க விரும்புகிறேன்.

மணிகளுக்குக் குறைவில்லை. 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் தயாராகும் கார்கள் எல்லாவற்றிலும் சில ஒலிகள் கட்டாயமாகிவிட்டன. முன்னால் இருப்பவர்கள் சீட் பெல்ட் போடாவிட்டால் ஓர் ஒலி. வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டு விட்டு ஒலி; 120ஐத் தாண்டினால் விடாத ஒலி. பின்னால் எடுக்கும்போது சுவரோ தூணோ நெருங்கினால் இன்னோர் ஒலி. இவை போதாவென்று, குளிர்தேசத்தில் பிறந்த சில வகைக் கார்கள் தம் பிறந்தகத்துச் சீதனமாக மேலும் ஒன்றைக் கொண்டுவருகின்றன. வெளியே வெப்பநிலை 3 அல்லது 4 டிகிரிக்கு இறங்கியதும் 'டிங்' என்று ஒரு மணி. கூடவே கண்ணாடித் தட்டில் ஒரு பனித்துளிப் படம்.

பூஜ்யம் டிகிரியில்தானே தண்ணீர் உறையும், நாலு டிகிரியில் ஏன் மணி? காரணம் இருக்கிறது. காற்றில் இன்னும் நாலு டிகிரி இருக்கும்போதே, தெளிந்த இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு இழந்து உறைநிலைக்குப் போய்விடக் கூடும். பாலங்களுக்கு அடியிலும் மேலும் காற்று அடிப்பதால் அவை இன்னும் முன்னதாகவே உறையும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பனிக்கண்ணாடியில் சக்கரம் வழுக்கினால் பிரேக்குக்கும் வேலையில்லை, ஸ்டியரிங்குக்கும் வேலையில்லை. ஸ்வீடனில் இந்த ஒரு மணி ஓர் உயிரைக் காப்பாற்றலாம். அங்கே அது நல்ல கதையில் சரியான இடத்தில் விழுந்த சொல்.

மதுரையில்? மார்கழி விடியற்காலையில் வைகைக் கரைக்காரர்கள் தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, "என்னா குளிர், என்னா குளிர்!" என்று டீக்கடை வாசலில் நடுங்குகிறார்களே, அந்த நேரத்திலும் வெப்பமானி சுமார் 20 டிகிரியைக் காட்டிக்கொண்டிருக்கும். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று இந்தச் சமவெளியில் எங்கே சுற்றினாலும் அந்த மணிக்கு வாய் திறக்கச் சந்தர்ப்பமே கிடையாது. மேடையில் கடைசிவரை வசனம் இல்லாமல் நிற்கும் சேவகனைப் போல அது காருக்குள் ஊமையாகக் குடியிருக்கிறது.

அது பேசக்கூடிய ஒரே அருகிடம் கொடைக்கானல். வத்தலக்குண்டைத் தாண்டி மலையேறி, சுமார் 7,000 அடி உயரத்துக்குப் போனால், மார்கழி, தை மாதங்களின் சில இரவுகளில் மணிக்கு நாக்கு முளைக்கலாம். ஆனால் அந்த மலைப்பாதையில் மதுரைக்காரர்களுக்கு உண்மையாகக் காத்திருக்கும் ஆபத்து எது? வளைவை விழுங்கிவிடும் மூடுபனி. இறங்கும்போது கியரைக் குறைக்காமல் காலைப் பிரேக்கிலேயே அழுத்திக்கொண்டு வருவதால் அது சூடேறிப் பிடிப்பை இழப்பது. கருகல் வாடை மூக்கில் ஏறும்வரை சாதாரணக் கார் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. உறைபனிக்கு மணி வைத்தவர்கள் நம் மலைப்பாதையின் இறக்கத்தை நினைக்கவில்லை. தேசம் அறியாமல் எழுதப்பட்ட கதை இது. மொழிபெயர்ப்பில் கதாநாயகனின் பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்துவிட்டார்கள்.

இந்தப் பக்கத்துக்கு மணிகளின் இலக்கணம் புதிதல்ல. திருமலை நாயக்கர், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கு உச்சிக்கால பூஜை முடிந்த பிறகே மதுரையில் உணவு கொள்வாராம். அந்தச் செய்தி வந்து சேர வழிநெடுக மணி மண்டபங்கள் கட்டி, ஒரு மணியோசை கேட்டதும் அடுத்த மணியை அடிக்கச் செய்தாராம். செவிவழிக் கதைதான். ஆயினும் அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்த மணிக்கு ஒரே பொருள், ஒரே வேளை, காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும் ஓர் ஆள். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஓசை செய்தியாகிறது. இல்லாவிட்டால் அது வெறும் சத்தம்.

நம் கார்களில் இந்த மூன்றும் சிதறிக் கிடக்கின்றன. கதவு சரியாகச் சாத்தவில்லை என்பதற்கும், பெட்ரோல் குறைகிறது என்பதற்கும், உயிருக்கே ஆபத்து என்பதற்கும் பல கார்களில் ஏறக்குறைய ஒரே குரல். முக்கியமான வசனத்தையும் "வாங்க, உட்காருங்க" என்பதையும் ஒரே தொனியில் ஒப்பிக்கும் நடிகனை யார் மதிப்பார்கள்? நான்குவழிச் சாலையில் விருதுநகர் வரை போய் வருவதற்குள் பத்துத் தடவை கேட்ட ஒலி, பதினோராவது தடவை காதுக்குள் நுழைவதில்லை.

காது மரத்துப்போனால் கை முந்திக்கொள்கிறது. வாடகைக் கார் ஒன்றில், பெல்ட்டின் கொக்கியை மட்டும் துண்டித்துப் பூட்டில் செருகி வைத்திருந்த டிரைவரிடம் காரணம் கேட்டேன். "அது சும்மா கத்திக்கிட்டே இருக்கும் சார். சவாரிக்கு வர்றவங்களுக்குத் தலைவலி" என்றார். அவர் ஒருவர் அல்ல. மணியின் வாயை அடைக்கவென்றே செய்த போலிக் கொக்கிகள் இணையக் கடைகளில் தாராளமாக விற்றன. 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு ஐந்து நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அகற்றப்பட்ட விற்பனைப் பக்கங்கள் 13,118.

அமெரிக்கர்களும் இதில் நமக்கு இளைத்தவர்களல்லர். 1974ஆம் ஆண்டு மாடல் கார்களில், முன்னால் இருப்பவர்கள் பெல்ட் போட்டால் ஒழிய எஞ்சினே கிளம்பாத ஏற்பாட்டை அங்கே கொண்டுவந்தார்கள். ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த ஆண்டே அவர்களுடைய காங்கிரஸ் அதை நீக்கச் சட்டம் போட்டதோடு, மணியையும் எட்டு வினாடிக்கு மேல் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. அந்தத் தடை விலக 2012 வரை ஆயிற்று. ஓசையின் மேல் மனிதனுக்குள்ள கோபம், உயிரின் மேல் உள்ள ஆசையையும் சில சமயம் வென்றுவிடுகிறது!

இங்கேதான் விமரிசகன் தராசின் மறுதட்டையும் பார்க்க வேண்டும். பனி மணியைக் கேலி செய்யலாம். பெல்ட் மணியைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. 1959ல் நீல்ஸ் போலின் என்ற ஸ்வீடன் நாட்டுப் பொறியியலார் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட்டை வோல்வோ காருக்காக அமைத்தார். அது காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். அதை ஒதுக்கியதன் விலையும் கணக்கில் இருக்கிறது. மத்திய அரசின் அறிக்கைப்படி 2022ல் மட்டும் இந்தியச் சாலைகளில் பெல்ட் அணியாமல் மாண்டவர்கள் 16,715 பேர். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஓட்டியவர்கள் அல்லர், உடன் போனவர்கள். அதே ஆண்டு செப்டம்பர் 4ஆம் தேதி பால்கர் அருகே விபத்தில் இறந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விலையுயர்ந்த காரின் பின் இருக்கையில் பெல்ட் இல்லாமல் இருந்தவர்.

ஆகவே அந்த மணி நச்சரிக்கிறது என்பது அதன் குற்றமல்ல. அதுதான் அதன் குணம். சொன்னதைச் செய்தால் அந்த நொடியே வாயை மூடிக்கொள்ளும் நச்சரிப்பு அது. நம் வீட்டுப் பெரியவர்களிடம்கூட அந்தப் பெருந்தன்மை கிடையாது! குற்றம், அதைச் சுற்றிக் கும்பலாக நின்று கூச்சலிடும் மற்ற மணிகளுடையது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் குரல் கொடுத்து, உண்மையான அபாயக் குரலின் மதிப்பைக் கெடுத்தவை அவை.

கார் செய்கிறவர்களுக்கு என் சிபாரிசு, எந்தப் பத்திரிகாசிரியரும் புது எழுத்தாளனுக்குச் சொல்வதுதான்: பாதியை வெட்டுங்கள். மிச்சத்தை இந்த ஊர் வெயிலுக்கும் மலைக்கும் ஏற்றபடி எழுதுங்கள். உயிர்போகும் விஷயத்துக்கு மட்டும் ஒரு தனிக்குரல் வைத்துக்கொள்ளுங்கள். கொக்கி வாங்கி மணியின் வாயை அடைக்கும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை: பிடிக்காத புத்தகத்தை மூடி வைக்க வாசகனுக்கு உரிமை உண்டு. ஆனால் பக்கத்து இருக்கையில் மனைவியும் குழந்தையும் இருக்கும்போது மூடக்கூடாத புத்தகம் ஒன்று உண்டு. அதன் நடை மோசமாக இருந்தாலும் சரி, சொல்லும் செய்தி மெய்.